மூன்றாம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

அன்புள்ள வாண்டுக்கு,

உன் அப்பாவுக்கு மனநிலையில் எந்தக் கோளாறும் இல்லை. இன்று புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அவரை முக்கால் மணி நேரம் பரிசோதித்த மருத்துவர் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்பாகவே நேற்று மாலை நான்கு பத்துக்கு உன் அப்பா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டு ஆதாரம் இருக்கிறது, ஒன்றையொன்று சாராதவை, அதனால் தைரியமாக நம்பலாம். நானும் நலம், வந்து தங்கியிருக்கும் பெரியம்மாவும் நலம், நீயும் நலம் என்று நினைக்கத்தான் ஆசை, ஆனால் திங்கட்கிழமை கம்பெனி ஆபீஸ் மூலம் வந்த உன் மூன்று வரியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அப்பா வீடியோ பார்த்தேன், அடுத்த துறைமுகத்தில் இறங்கி வரட்டுமா, கேப்டனிடம் வெள்ளிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். இறங்காதே. உன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு கப்பலிலேயே இரு. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் தாண்டிப் படிக்காதே, சின்ன வயதில் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உனக்கு உண்டு. கப்பல் தபால் முதலில் கேப்டன் கண்ணில்தான் படும் என்று நீ சொல்லியிருக்கிறாய். கேப்டன் அவர்களுக்கு என் வணக்கம், உங்களுக்கும் சேர்த்தே கொஞ்சம் பின்னணி எழுதுகிறேன், பின்னணி இல்லாமல் செய்தி எழுதி எனக்குப் பழக்கமில்லை.

இவளுடைய அப்பா முப்பத்தாறு வருடமாகத் துணை நடிகர். நீதிபதி, மருத்துவர், பேங்க் மேனேஜர், தலைமை ஆசிரியர், இந்த நான்கைத் தாண்டி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எந்த வேடமானாலும் வேலை ஒன்றுதான். கண்ணாடியைக் கழற்றுவார், ஒரு வாக்கியம் சொல்வார், போய்விடுவார். சினிமா வட்டாரத்தில் கண்ணாடி சார் என்றால்தான் தெரியும். அவரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு, வாண்டு, உனக்கு இது மனப்பாடம், கேப்டனுக்காகச் சொல்கிறேன்: இயக்குநர் ‘கட்’ சொல்லாமல் நடிப்பை நிறுத்த மாட்டார். தும்மல் வந்தாலும் நிறுத்த மாட்டார், மழை வந்தாலும் நிறுத்த மாட்டார். ஒரு படத்தில் பிணமாகப் படுக்க வைத்துவிட்டு, கட் சொல்ல மறந்து மொத்த யூனிட்டும் சாப்பிடப் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மனிதர் அப்படியே கிடக்கிறார், மூக்கின் மேல் ஈ. வீட்டுக்கு வந்து, "ஈ கூட நம்பிடுச்சும்மா" என்று பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு நாம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கான பலனைத்தான் போன வாரம் நான் அனுபவித்தேன்.

நடந்தது என்னவென்றால், மூன்று மாதத்துக்கு முன் ஒரு பெண் இயக்குநர் அவரைப் பார்க்க வந்திருக்கிறாள். எப்போதும் தலையில் தொப்பி, அதனால் உன் அப்பா அவளைத் தொப்பி என்றுதான் சொல்கிறார், நானும் அப்படியே எழுதுகிறேன். அவள் எடுப்பது போலி ஆவணப்படமாம். பார்க்கிறவருக்கு உண்மையான ஒரு மனிதரைப் பற்றிய ஆவணப்படம் மாதிரியே இருக்கும், உள்ளே நடப்பது ஜோடனை. ஒரு துணை நடிகர் ஊர் பார்க்க நடுத்தெருவில் மனம் உடைந்து போகிறார், அவரை ஊர் என்ன செய்கிறது, யார் உதவிக்கு வருகிறார்கள், யார் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள், அதுதான் கதை. மையப் பாத்திரம் உன் அப்பா. முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் வசனம். ஒரே ஒரு நிபந்தனை, படம் முடியும்வரை வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, முக்கியமாகப் பத்திரிகை நிருபரான பெண்டாட்டிக்குத் தெரியவே கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். மூன்று மாதமாகக் குளியலறையில் சத்தமாகத் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஏதோ நீதிபதி வேடம் என்று விட்டுவிட்டேன். ஒரு வாக்கியத்துக்கு யாராவது மூன்று மாதம் ஒத்திகை பார்ப்பார்களா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணி. ரவுண்டானாவுக்கு எதிரில் புதிதாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை, திறப்பு விழாவுக்கு இவர்தான் சிறப்பு விருந்தினர், கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடி சார் என்று போஸ்டர். ரிப்பனை வெட்டினார். எல்லோரும் ஆசைப்பட்ட மாதிரி கண்ணாடியைக் கழற்றி ஒரு வாக்கியம் சொன்னார். கை தட்டினார்கள். பிறகு அலமாரியில் இருந்து இன்னொரு கண்ணாடியை எடுத்து மாட்டினார், கழற்றினார், இன்னொரு வாக்கியம். அடுத்து இன்னொன்று. ஏழாவது கண்ணாடிக்குக் கைதட்டல் நின்றுவிட்டது. பத்தாவதில் கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏறச் சொன்னார். பிறகு கடையை விட்டு இறங்கி, போக்குவரத்தைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ரவுண்டானா நடுவில் இருக்கிற நீரூற்றுக்குள் கோட்டு சூட்டோடு போய் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். ஹாரன் அடித்தவருக்கு ஆறு மாதம், சிக்னலை மதித்தவருக்கு நன்னடத்தை விடுதலை. கிட்டே வந்த டிராபிக் போலீஸ்காரரிடம் மருத்துவராக மாறி, கண்ணாடியைக் கழற்றி, "எங்களால முடிஞ்சதைச் செஞ்சிட்டோம், இனிமே இருபத்துநாலு மணி நேரம் கழிச்சுத்தான் எதையும் சொல்ல முடியும்" என்றாராம். போலீஸ்காரர் பயந்துபோய் யாருக்கு சார் என்று கேட்டாராம். நீ பார்த்த வீடியோவில் இந்த இடம் இருக்கிறதா தெரியவில்லை, நான் ஐந்து பேரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

இது மொத்தம் ஏழு நிமிடக் காட்சி. தொப்பி எதிர்ச்சாரியில் ஒரு மூடிய வேனுக்குள் ஒலிப்பதிவாளரோடு ஒளிந்திருந்து, உன் அப்பாவின் காதில் வைத்த சின்னக் கருவியில் பேசிக்கொண்டிருந்தாள். ஏழு நிமிடம் ஆனதும் கட் சொல்வாள், இவர் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து வேனில் ஏறிவிட வேண்டும். ஆனால் வேனை நிறுத்தியிருந்த இடம் வண்டி நிறுத்தக் கூடாத இடம். பதினோரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மாநகராட்சி இழுவை வண்டி வந்து கொக்கியை மாட்டி வேனை உள்ளே இருந்த ஆட்களோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரகசியம் வெளியே வந்துவிடுமே என்று முதல் இரண்டு தெரு தாண்டும்வரை தொப்பி வாயைத் திறக்கவில்லையாம். அதற்குள் கருவி எட்டாத தூரம். உன் அப்பா இதை நேற்று இப்படிச் சொன்னார்: "காதுல தொப்பி நல்லா இருக்கு சார், கன்டினியூ பண்ணுங்கன்னு சொல்லிட்டே இருந்தா. திடீர்னு கொர்ருன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்லை. கட் வரலை. வரலைன்னா ஓடிட்டிருக்குன்னுதானே அர்த்தம்." கடையின் மாடி ஜன்னலில் கேமராமேன் இருந்தார். அவரும் நிறுத்தவில்லை, கட் சொல்வது இயக்குநர் வேலை, என் வேலை இல்லை என்று அவரும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார். இரண்டு ஒழுங்கான மனிதர்கள் சேர்ந்து ஒரு ரவுண்டானாவை ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள்.

எனக்கு ஆபீசில் போன் வந்தது பன்னிரண்டு மணிக்கு. பேசியது எங்கள் நகரச் செய்தி நிருபர், காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கிற மனிதர், நீ அவர் மடியில் உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறாய், ஆபீசில் எல்லோருக்கும் அவர் பென்சில்தான். "மேடம், பதட்டப்படாதீங்க, சார் நீரூற்றுல உக்காந்து எனக்கு ரெண்டு வருஷம் குடுத்திருக்கார்" என்றார். டாக்ஸி பிடித்துப் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கைப்பை, ஆபீஸ் செருப்பு எதையும் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினேன். முழங்கால் வரை தண்ணீர். உன் அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் சின்ன அசைவு கூட இல்லை, அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். கூட்டத்தைப் பார்த்து, "இந்தம்மா முப்பத்திரண்டு வருஷமா இந்த ஆளோட குப்பை கொட்டியிருக்காங்க. தண்டனைக் காலம் முடிஞ்சுது. கோர்ட் இவங்களை விடுதலை பண்ணுது" என்றார். வாண்டு, நான் அழுதேன். விடுதலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல எழுந்திருங்க, தண்ணி அழுக்கு என்று சொன்னதாக ஞாபகம். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது ஒன்று நாற்பதுக்கு, கையைப் பிடித்து நான்தான் ஏற்றினேன்.

பென்சில் நல்ல நிருபர். நல்ல நிருபர் என்பதால் அவருக்குச் சந்தேகம் வந்தது. இது ஏதாவது ஷூட்டிங்கா என்று முதலில் கடைக்காரரைக் கேட்டார். கடைக்காரர் தொப்பியிடம் வாய் திறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார், அதனால் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக மறுத்தார். எங்கள் பத்திரிகையில் ஒரு ஆதாரம் போதாது, இரண்டு வேண்டும், இந்த விதியைப் பத்து வருடத்துக்கு முன் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, நான். அதனால் ஆம்புலன்ஸ் கதவோரம் வந்து, "மேடம், மன்னிச்சுக்குங்க, கேட்டே ஆகணும். இது நடிப்பா?" என்றார். நான் நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னதை அவர் ஒரு எழுத்து மாறாமல் குறித்துக்கொண்டார்: "முப்பத்திரண்டு வருஷமா இவர் நடிப்பைப் பாக்கறேன். இது நடிப்பு இல்லை. இவ்வளவு நல்லா இவருக்கு நடிக்க வராது." வெள்ளிக்கிழமை மூன்றாம் பக்கத்தில் கடைசி வாக்கியம் தலைப்பாகவே வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து முப்பத்து நான்கு வருடம், என் பெயரில் வந்த எந்தச் செய்திக்கும் இதுவரை ஒரு திருத்தம் போட்டதில்லை என்பது உனக்குத் தெரியும், அதைச் சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தேன். ஆக, அந்தத் தலைப்பில் எனக்கு அப்போது வருத்தம்தான் இருந்தது, சந்தேகம் இல்லை.

மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். கடைசியில் பெரிய மருத்துவர் வந்தார், வயதான அம்மாள், மூக்கில் தடிமனான கண்ணாடி. ரிப்போர்ட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், "இருபத்துநாலு மணி நேரம் வச்சிருந்து பார்க்கணும்" என்றார். உன் அப்பா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், தோள் குலுங்குகிறது, போர்வை குலுங்குகிறது, கட்டிலே குலுங்குகிறது. நான் முதுகைத் தடவிக்கொண்டே அழுங்க, அழுதுடுங்க என்றேன். அன்று மாலை தொப்பி போட்ட ஒரு பெண் வார்டு வாசலில் வந்து நின்றாள். "அஞ்சு நிமிஷம் கூட வேண்டாம் மேடம், சார்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். எந்தச் சேனல் என்று கேட்டேன், முழித்தாள், வெளியே அனுப்பிவிட்டேன். மறுநாளும் வந்தாள், மறுபடி அனுப்பினேன். மருத்துவர் சொன்னாரென்று உன் அப்பாவின் போனையும் பிடுங்கி அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். இப்படியாக, அவரை நிறுத்தக்கூடிய ஒரே வார்த்தை அவரிடம் போய்ச் சேராமல் இருப்பதற்கு வேண்டிய எல்லா ஏற்பாட்டையும் நானே கவனமாகச் செய்தேன்.

வெள்ளி மாலை வீட்டுக்கு வந்த பிறகு நான்கு நாள் நம் வீடு கோர்ட்டாக இருந்தது. கூடத்து நாற்காலிதான் நீதிபதி ஆசனம். குளிக்கக் கூப்பிட்டால் குளியல் வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்பார். ராத்திரி சத்தம் போடுகிற ஃப்ரிட்ஜுக்கு இரண்டு தடவை எச்சரிக்கை. கீழ் வீட்டுத் தபால்காரர் ஆப்பிளோடு பார்க்க வந்தார், கடிதத்தைத் தாமதமாகக் கொடுத்த குற்றத்துக்கு இருந்த ஆப்பிளை இருந்த இடத்திலேயே சாப்பிடும்படி தீர்ப்பு, பாவம் மனிதர் மூன்று சாப்பிட்டார். பெரியம்மா சனிக்கிழமை பெட்டியோடு வந்தாள், என் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள், "நான் அப்பவே சொன்னேன், சினிமாக்காரன் வேண்டாம்னு." உன் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "மறு உத்தரவு வரும்வரை மௌனம்" என்றார். உடம்பு சரியில்லாதவர் மனம் நோகக் கூடாதே என்று பெரியம்மா அதைக் கடைப்பிடித்தாள், வாண்டு, மூன்றரை நாள். எனக்கு இருந்த துக்கத்திலும் இந்த நோயில் ஒரு நல்லது இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் மத்தியானங்களில் அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முப்பத்திரண்டு வருடம் தண்டனைக் காலம் என்று இந்த மனிதர் மனதுக்குள் இருந்ததா, அதை நான் கேட்கவே இல்லையா, ஊரெல்லாம் கேள்வி கேட்கிறேனே என்று நினைத்துக்கொள்வேன். அது விளையாட்டான நினைப்பு இல்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை. இழுத்துச் செல்லப்பட்ட வண்டிகளின் வாரப் பட்டியலை மாநகராட்சி செவ்வாய்க்கிழமைதான் ஒட்டும், நான் அதைப் பார்க்காமல் விட்டதில்லை, பெரிய மனிதர்களின் கார் ஏதாவது இருக்கும், குட்டிச் செய்தி ஆகும். அரை நாள் பெரியம்மாவைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனேன். வியாழன், ரவுண்டானா, பதினொன்று பன்னிரண்டு, ஒரு வேன், உரிமையாளர் ஒரு படத் தயாரிப்பு நிறுவனம், குறிப்பு: உள்ளே இரண்டு பேர். நேரே இழுவைக் கிடங்குக்குப் போனேன். கிடங்குக் காவலர், "ஆமா மேடம், தொப்பி போட்ட ஒரு பொண்ணு. இறக்கி விடுங்கண்ணே, அங்க ஒருத்தர்கிட்ட கட் சொல்லணும்னு அழுதுச்சு. யார்கிட்டம்மான்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்குது. அபராதம் கட்டி வெளியே போறப்போ மணி ரெண்டு" என்றார். ஒரு நிமிடம் அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். பிணமும் ஈயும் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கூடத்து வாசலில் நின்று, நான்கு பத்துக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். கட்.

உன் அப்பா முதுகை நெட்டி முறித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஷாட் ஓகேவா?" என்றார். சமையலறையிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்து, "அப்ப நான் பேசலாமா?" என்றாள். அடுத்த பத்து நிமிடம் நானும் பெரியம்மாவும் மாறி மாறிப் பேசியது எதுவும் அச்சில் ஏறக் கூடியது இல்லை. பெரியம்மாவிடம் மூன்றரை நாள் சேமிப்பு இருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ யாராவது கேட்டா உண்மையைச் சொல்லிடுவே. பொய் சொல்லுன்னு உன்கிட்ட எப்படிக் கேக்கறது? அதான்" என்றார். சரி, ஆஸ்பத்திரியிலாவது காதோடு சொல்லியிருக்கலாமே என்றேன், "கட் வரலையேம்மா" என்றார், ஏதோ நான்தான் புரியாமல் பேசுகிறேன் என்பது மாதிரி. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை, பெரியம்மா தண்ணீர் கொண்டுவந்து அவளும் சிரித்து அதைக் கொட்டினாள். நான் ஒளித்து வைத்திருந்த வெள்ளிக்கிழமைப் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தை நின்றபடியே மூன்று தடவை படித்தார். கண்ணாடியை நிஜமாகவே கழற்றித் துடைத்தார். "முப்பத்தாறு வருஷத்துல எனக்கு வந்த முதல் விமர்சனம்" என்றார். இது பாராட்டு இல்லைங்க, திட்டு என்றேன். "இல்லம்மா, நல்லாப் படி" என்றார். இப்போது அது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

ஆனால் சிரித்து முடித்ததும் எனக்கு ஒரு வேலை இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது, அதைச் சொன்னது நான், அது பொய் என்று இப்போது எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கு ஆசிரியருக்குப் போன் செய்து சொன்னேன், அவர் சிரித்து முடிக்கிறவரை போனை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எங்களிடம் திருத்தங்கள் திங்களும் வியாழனும் இரண்டாம் பக்கத்தில் வரும், அடுத்தது வியாழன், அதில் போட்டாக வேண்டும். ஆறு மணிக்குத் தொப்பி வந்தாள், இந்த முறை நானே உள்ளே கூப்பிட்டேன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். படத்தின் கடைசிக் காட்சி பாக்கி இருக்கிறது, சனிக்கிழமை இவர் அதே நீரூற்றுக்குப் போய் மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஊர் நம்பினால்தான் அது காட்சி, வியாழனே பேப்பரில் வந்துவிட்டால் முடிவே இல்லாத படமாகிவிடும், தயாரிப்பாளர் பெட்டியில் போட்டு மூடிவிடுவார். "திங்கக்கிழமை போடக் கூடாதா மேடம்? சாருக்கு இது ஒண்ணுதான் மேடம்" என்றாள். எனக்குத் தெரியாதா அது அவருக்கு ஒன்றே ஒன்று என்று. அறுபத்தொரு வயது, இனி இன்னொரு தொப்பி வரப்போவதில்லை. உன் அப்பா ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியாதும்மா, நாலு நாள் தெரிஞ்சே பொய்யா இருக்க முடியாது என்றேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "இவகிட்ட கெஞ்சாதே தொப்பி. ஒரு பேட்டியில என் வயசை ரெண்டு வருஷம் குறைச்சுப் போடுன்னு கேட்டதுக்கே பர்த் சர்ட்டிபிகேட்டைக் கேட்டவ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் எழுந்து கூடத்து நாற்காலியைப் பழைய இடத்தில் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார், அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

தொப்பி கையிலிருந்த தொப்பியைத் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "திருத்தத்துல என்ன எழுதுவீங்க?" என்று கேட்டாள். இன்னும் தெரியாது என்றேன். "எனக்குச் சொல்லாதீங்க, சாருக்கும் சொல்லாதீங்க" என்றாள், முகமே மாறிவிட்டது அவளுக்கு. அதுதான் இப்போது கடைசிக் காட்சி. நாளை வியாழன் காலை ஆறு மணிக்கு உன் அப்பா ரவுண்டானா பேப்பர் கடைக்குப் போவார், பேப்பர் வாங்குவார், இரண்டாம் பக்கத்தைத் திறப்பார், நின்றபடி படிப்பார். கேமரா அவர் முகத்தில். படிப்பது நிஜமாகவே முதல் தடவை என்பதால் ஒரே டேக், முகத்தில் ஒன்றும் வராவிட்டால் படம் அவ்வளவுதான். வேனை முறையான இடத்தில் நிறுத்த நானே மாநகராட்சியில் அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆக, முப்பத்து நான்கு வருடத்தில் எனக்கு வந்த முதல் திருத்தத்தை நானே எழுத வேண்டும், அதில் உன் அப்பாவின் வாழ்க்கை தொங்குகிறது. திருத்தத்துக்கு விதி இருக்கிறது, முப்பது வார்த்தைக்கு மேல் போகக் கூடாது, பாராட்டு, வர்ணனை எதுவும் கூடாது, தவறாக வந்த தகவல், சரியான தகவல், வருத்தம், அவ்வளவுதான். இன்று மருத்துவரிடம் போகும் வழியில் டாக்ஸியில் நான்கு எழுதிக் கிழித்தேன். மருத்துவர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் கண்ணாடியைக் கழட்டினப்போ நீங்க சிரிச்சீங்களா?" என்றார், இவர் தலையைக் குனிந்துகொண்டார். "வெளியில நிஜமாவே உடைஞ்சுபோய் நாலு பேர் உக்காந்திருக்காங்க சார், அவங்களுக்கு யாரும் கட் சொல்ல முடியாது" என்று அந்த அம்மாள் சொன்னார். இவர் வாரம் ஒரு மத்தியானம் வந்து வார்டில் இருப்பவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார். மத்தியானம் பன்னிரண்டாவது தடவையாக எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். உனக்கு மட்டும் முன்கூட்டியே தருகிறேன், நாளை ஆறு மணி ஆகும்வரை கேப்டனும் நீயும் வாயைத் திறக்கக் கூடாது:

திருத்தம்: கடந்த வெள்ளிக்கிழமை மூன்றாம் பக்கச் செய்தியில், நீரூற்றில் நடிகர் நடந்துகொண்டது நடிப்பு அல்ல என்றும், இவ்வளவு நன்றாக அவருக்கு நடிக்க வராது என்றும் அவருடைய மனைவி கூறியதாக வெளியாகியிருந்தது. அது நடிப்பு. அவருக்கு வரும். தவறுக்கு வருந்துகிறோம்.

ஆசிரியர் போன் செய்தார். "அது நடிப்புன்னு சொன்னாலே போதுமே, அவருக்கு வரும்னு வேற எதுக்கு?" என்றார். ரெண்டு தகவல் தப்பா வந்திருக்கு, ரெண்டையும் திருத்தணும் என்றேன். விதிப்படி சரிதான் என்று பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்.

நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, எஞ்சின் அறையில் காதுக்கு அடைப்பு வைக்காமல் நிற்காதே, உன் அப்பா மாதிரி யாராவது வந்து சொன்னால்தான் நிறுத்துவேன் என்று இருபது மணி நேரம் வேலை பார்க்காதே, களைத்தால் நீயே நிறுத்து. ஒப்பந்தம் முடிந்து நீ முறையாக இறங்கி வரும்போது நாம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும், அதுவரை உன் கடலும் எஞ்சினும் உனக்கு அடங்கி நடக்கட்டும், நீ நன்றாக இரு. பெரியம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கூடவே நாற்பது நிமிடம் வேறு விஷயங்களும் சொல்லச் சொன்னாள், அதைத் தனியாக அனுப்புகிறேன்.

இன்னும் உறுதியாகாத தகவல் ஒன்று இருக்கிறது. நேற்று தொப்பியிடம் வசனத் தாளை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம், தண்டனைக் காலம், விடுதலை, அந்த வரி அதில் எங்கும் இல்லை, நான் எழுதலை மேடம் என்று தொப்பியும் சொல்லிவிட்டாள். இவரிடம் கேட்டேன், அது நடிப்பா என்று. திருத்தத்தைப் படிச்சிட்டுச் சொல்றேன் என்கிறார். இந்த விஷயத்தில் ஒரே ஒரு ஆதாரம்தான் உண்டு, அவரும் நடிகர். நீரூற்றில் நான் வரும் காட்சியைப் படத்தில் சேர்க்க என் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம், அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, பதில் வந்த பிறகுதான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். நடிப்பு என்று சொன்னால் திருத்தம் முழுக்கச் சரி. இல்லை என்று சொன்னால், திங்கட்கிழமை அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கும், விடுதலையை மனைவி ஏற்கவில்லை என்று. பதில் நாளை காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு எதிர்பார்க்கப்படுகிறது, நான் பேப்பர் கடைக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் பக்கத்தின் இரண்டாவது ஆதாரமான
உன் அம்மா